ஈருறுப்புப் பரவல் எங்கே பொருந்தும்?

விதை முளைக்கும், அன்றி முளைக்காது. ஒரு நாளில் மழை பெய்யும், அன்றி பெய்யாது. இத்தகைய நிகழ்ச்சிகளை எண்ணும்போது கிடைக்கும் வெற்றிகளின் எண்ணிக்கை ஒரு சமவாய்ப்பு மாறியாகும். அதற்கு ஈருறுப்புப் பரவல் பொருந்துமா என அறிய நான்கு நிபந்தனைகளைச் சோதித்தல் வேண்டும். அவையாவன:

1. சோதனைகளின் எண்ணிக்கை முன்னரே வரையறுக்கப்பட்டிருத்தல்.
2. ஒவ்வொரு சோதனைக்கும் இரண்டே முடிவுகள் இருத்தல்.
3. வெற்றியின் நிகழ்தகவு எல்லாச் சோதனைகளிலும் ஒன்றாகவே இருத்தல்.
4. ஒரு சோதனையின் முடிவு மற்றொன்றைப் பாதியாதிருத்தல்.

திருப்பதி மாவட்டத்துப் பிச்சாட்டூரை எடுத்துக்கொள்வோம். ஆரணியாற்று நீர்த்தேக்கம் அமைந்துள்ள இவ்வூரில் விதை, மழை ஆகிய இரண்டுமே உழவரின் கவலைகளாம்.

முதலில் விதை. சான்றளிப்பு விதிகளின்படி நெல் விதையின் முளைப்புத் திறன் 80 சதவீதத்திற்குக் குறையலாகாது. நன்கு கலந்த குவியலிலிருந்து 400 விதைகளை எடுத்து, இடைவெளியிட்டுப் பரப்பினால் நான்கு நிபந்தனைகளும் நிறைவேறும். முளைப்புத் திறன் சரியாக 80 சதவீதமாயின், சராசரியாக 320 விதைகள் முளைக்கும். 400, 0.8, 0.2 ஆகியவற்றின் பெருக்குத்தொகை 64. அதன் வர்க்கமூலமாகிய 8 திட்ட விலக்கமாகும். எனவே, நூற்றுக்கு ஏறத்தாழ 95 சோதனைகளில் முளைத்தவை 304-க்கும் 336-க்கும் இடையே அமையும். பத்தே விதைகளை இட்டாலோ, அதே நல்ல விதையில் ஆறோ அதற்குக் குறைவோ முளைப்பது நூற்றுக்குப் பன்னிரண்டு முறை நேரும். அதனைக் கொண்டு விதையைத் தள்ளுதல் உழவருக்கு அநீதியாகும்.

ஐம்பது விதைகள் முளைக்கும்வரை எண்ணிக்கொண்டே சென்றால் முதல் நிபந்தனை கெடும். பூசணம் ஒரு விதையிலிருந்து அடுத்ததற்குப் பரவினால் நான்காவது கெடும்.

இனி மழை. ஒரு நாளில் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்தால் அது மழைநாள் எனப்படும். அக்டோபரில் நாட்கள் 31, முடிவுகள் இரண்டே. முதலிரு நிபந்தனைகளும் நிறைவேறுகின்றன. ஆயினும் வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டியே தொடங்குவதால், நாள்தோறும் நிகழ்தகவு ஒன்றாக இராது. மேலும், வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாயின் மழை தொடர்ந்து சில நாட்கள் பெய்யும்; இன்றைய மழை நாளைய மழையோடு தொடர்புடையது. ஆகவே இங்கு ஈருறுப்புப் பரவல் பொருந்தாது. பொருந்துமெனக் கொண்டால், மழைநாட்கள் மிகக் குறைந்த ஆண்டுகள் உண்மையில் நேர்வதைவிட அரியனவாகக் கணக்கில் தோன்றும். அதனை நம்பிப் பாசனத்தைத் திட்டமிடுவோர் வறட்சிக்கு ஆயத்தமின்றி நிற்பர்.

ஆசிரியர்கள் சூத்திரத்தைக் கற்பிக்குமுன் இந்நான்கு வினாக்களையும் மாணவர்களைக் கேட்கச் செய்வாராக. களப்பணியாளரும் பதிவேட்டில் எண்ணிக்கையை மட்டுமின்றி, அது எவ்வாறு திரட்டப்பெற்றது என்பதனையும் குறித்து வைத்தல் நலம்.