போலந்தின் சாட்சியம்

1867-ம் வருஷம் பாரிஸ் நகரத்தில் நடைபெற்ற சர்வதேசப் பொருட்காட்சியில் ஒரு சித்திரத்துக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதைத் தீட்டியவர் யான் மாதெய்கோ என்னும் போலிஷ் ஓவியர். அவருடைய தேசம் அப்பொழுது உலகப் படத்திலே இல்லை. ருஷியா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகளும் 1772, 1793, 1795 என மூன்று தவணைகளில் அதைக் கூறு போட்டு எடுத்துக் கொண்டிருந்தன. முதற் பிரிவினைக்குப் போலந்தின் பார்லிமெண்டே 1773-ல் சம்மதம் கொடுத்தது. அந்தக் காட்சிதான் படம். ரெய்தான் என்ற பிரதிநிதி சட்டையைக் கிழித்து மார்பைக் காட்டிக்கொண்டு, வாயிற்படியை மறித்துத் தரையில் கிடக்கிறார். எதிரே பட்டும் சரிகையும் அணிந்த பிரபுக்கள் நிற்கிறார்கள். அந்நியனுடைய பணத்துக்குத் தாய்நாட்டை விற்றவர்கள் அவர்கள். தரையிலே ஒரு நாணயம் உருண்டு ஓடுகிறது. சுவரிலே ருஷியச் சக்கரவர்த்தினி காதரீனின் உருவப்படம் தொங்குகிறது.

இந்தப் படத்தைக் கண்டு கொதித்தெழுந்தவர்கள் யார்? போலிஷ் பிரமுகர்களே. நம் வீட்டு அவமானத்தை அயலார் சந்தையிலே கடை விரிக்கலாமா என்பது அவர்களுடைய ஆத்திரம். விற்ற பிரபுக்களின் பேரன்மார்கள் செல்வாக்கோடு வாழ்ந்திருந்த காலம் அது என்பதையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். வேடிக்கை என்னவென்றால், படத்தை விலை கொடுத்து வாங்கியவர் ஆஸ்திரியச் சக்கரவர்த்தி பிரான்ஸ் ஜோசப். கூறு போட்ட மூவரில் ஒருவருடைய வாரிசு!

தன் கலையையும் பாரம்பரியத்தையும் பிற தேசத்தார் முன்னே வைக்க விரும்பும் ஒரு தேசம் எதை எடுத்துக் கொண்டு போக வேண்டும்? பெருமையை மாத்திரமா, சிறுமையையும் கூடவா? இந்த விவகாரம் போலந்தில் 150 வருஷங்களுக்கு மேலாக நடந்து வருகிறது. அதில் நமக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. முதலில் சங்கதிகளைச் சொல்லி விடுகிறோம்.

சொந்த அரசுள்ள தேசங்களுக்கு வெளிநாட்டில் கலையைக் காட்டுவது ஓர் அலங்காரம். போலந்துக்கோ அது உயிர் வழக்கு. 1795 முதல் 1918 வரையில் 123 வருஷ காலம் அதற்குத் தூதர் இல்லை, சேனை இல்லை, சபையில் ஓர் ஆசனமும் இல்லை. பாட்டும் படமும் கவிதையுமே அதன் ஸ்தானாபதிகள். மித்ஸ்கியேவிச் என்ற மகாகவி நாடு கடந்து போய், 1840 முதல் பாரிஸில் பிரெஞ்சுக் கலாசாலையொன்றின் பீடத்திலிருந்து ஸ்லாவ் இலக்கியத்தைப் பிரசங்கம் செய்தார். ஷோப்பான் 1830-ம் வருஷம் நவம்பர் மாதம் வார்ஸாவை விட்டுப் புறப்பட்டார், அந்த மாதக் கடைசியிலேயே அங்கே ருஷியருக்கு எதிராகக் கலகம் மூண்டது, அவர் திரும்பவேயில்லை. நாட்டுப்புறத்து மஸூர்க்கா நடனத்தின் தாளத்தையும், பிரபுக்களின் பொலனேய்ஸ் நடையையும் பியானோவில் ஏற்றிப் பாரிஸ் மாளிகைகளிலே வாசித்தார். 1849-ல் அங்கேயே மாண்டார். உடலைப் பாரிஸ் மண்ணில் அடக்கம் செய்தார்கள். இருதயத்தை அவருடைய சகோதரி வார்ஸாவுக்குக் கொண்டு போனாள். திருச்சிலுவைக் கோவிலின் தூண் ஒன்றில் இன்றும் அது இருக்கிறது.

1863-ம் வருஷத்துக் கலகத்தின்போது ருஷியச் சிப்பாய்கள் வார்ஸாவில் ஒரு மாளிகைக்குள் புகுந்து, அவருடைய பியானோவை ஜன்னல் வழியாகத் தெருவிலே தள்ளி உடைத்தார்கள். 1939-க்குப் பிறகு நாட்டைப் பிடித்த நாஜிகள் அவருடைய சங்கீதத்தைப் பொதுச் சபையில் வாசிக்கக் கூடாதென்று தடுத்தார்கள். துப்பாக்கி பிடித்தவன் வாத்தியத்தைக் கண்டு அஞ்சுகிறானென்றால், அதன் சாட்சியம் பலமானதென்றே கொள்ள வேண்டும்.

முதல் மகாயுத்த காலத்தில் பாதெரெவ்ஸ்கி அமெரிக்காவில் ஊர் ஊராகப் பிரயாணம் செய்தார். 1891 முதலே அங்கே புகழ் பெற்ற பியானோ வித்வான் அவர். கச்சேரிக்கு வந்தவர்களிடமே தம் தேசத்தின் கதையை எடுத்துரைத்தார். 1918 ஜனவரியில் ஜனாதிபதி வில்ஸன் வெளியிட்ட பதினான்கு நிபந்தனைகளில் பதின்மூன்றாவது, ஸ்வதந்திரப் போலந்து. அது வித்வானுடைய விரல்களால் மாத்திரம் வந்ததென்று சொல்வது மிகை. யுத்தத்தின் போக்கே பெருங்காரணம். ஆனாலும் 1919-ல் அவரே பிரதம மந்திரியாகி, வெர்ஸேல்ஸ் உடன்படிக்கையில் போலந்தின் சார்பாகக் கையெழுத்திட்டார் என்பது சரித்திரம்.

ஸ்வதந்திரம் வந்தது, கூடவே சர்க்கார் கண்காட்சியும் வந்தது. 1939-ல் நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் போலந்து தன் மண்டபத்தைத் திறந்தது. முன்னே 1410-ம் வருஷத்துக் குருன்வால்ட் போரில் வென்ற யாகெல்லோ மன்னனின் சிலை, குதிரைமீது, இரு வாள்களைக் குறுக்காக ஏந்தியபடி. உள்ளே பதினோரு ஓவியர்கள் கூடித் தீட்டிய ஏழு பெரிய சரித்திரப் படங்கள். 1000-ம் வருஷத்தில் ஜெர்மானியச் சக்கரவர்த்தியைப் போலிஷ் மன்னன் வரவேற்றதில் தொடங்கி, 1791-ம் வருஷத்து அரசியல் சட்டத்தில் முடிகின்றன. ஏழும் பெருமை, பிரிவினை ஒன்றிலும் கிடையாது. மண்டபம் திறந்து சில மாதங்களே ஆயின. செப்டம்பர் 1-ந் தேதி ஜெர்மன் படைகள் எல்லையைத் தாண்டின, 17-ந் தேதி ருஷியப் படைகள் மறுபக்கமாக நுழைந்தன. மண்டபம் நியூயார்க்கில் நிற்கிறது, நாடு போய்விட்டது! சிலை அங்கேயே தங்கி, 1945 முதல் நியூயார்க்கின் மத்திய பூங்காவில் நிற்கிறது. ஏழு படங்களும் அமெரிக்கக் கல்லூரியொன்றின் சுவரிலே வெகுகாலம் தொங்கிவிட்டு, 2022-ல்தான் தாயகம் திரும்பின. அவற்றைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் மறுபடியும் ஒரு பிரிவினை வாயிலில் வந்து நின்ற வருஷத்தில், ரெய்தானுக்கல்லவா அந்தச் சுவரில் இடம் கொடுத்திருக்க வேண்டும்?

கம்யூனிஸ்டு ஆட்சியில் ஏற்றுமதிச் சரக்கு மாறியது. 1948-ல் 'மஸோவ்ஷே' என்ற நாட்டியக் குழு அமைந்தது. வரிவரியான பாவாடைகளும் கிராமியப் பாடல்களுமாக அது தேசதேசாந்தரம் சென்று வந்தது. அழகான கலையே, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் பாவாடைகளின் சுழற்சியில் சிறைச்சாலைகளும் தணிக்கை அதிகாரிகளும் கண்ணுக்குத் தெரியவில்லை. அதே நாட்டிலிருந்துதான் 1957-ல் ஆந்திரே வாய்தாவின் 'கனால்' என்ற படம் கான் திரைப்பட விழாவுக்குப் போய்ப் பரிசு பெற்றது. 1944-ம் வருஷத்து வார்ஸா எழுச்சியில் தோற்றவர்கள் சாக்கடைச் சுரங்கங்களில் தடுமாறி மாளும் கதை அது. வீரகாவியத்தை எதிர்பார்த்துச் சென்ற சொந்த ஜனங்களில் பலருக்கு அது கசந்தது. அந்நியரோ, வார்ஸாவில் நடந்தது இன்னதென்று அந்தப் படத்திலிருந்தே உணர்ந்தார்கள்.

இங்கே சென்னையோடு சேர்ந்த ஒரு பெயரையும் சொல்லாமல் போகலாகாது. வாந்தா தினோவ்ஸ்கா என்ற போலிஷ் மாது 1935-ல் இந்தியா வந்தார். உமாதேவி என்ற பெயரை ஏற்றுக் காந்தியடிகளின் அன்புக்கும் பாத்திரமானார். 1944-ல், தம் நாட்டிலே அச்சுக்கூடங்கள் ஒளிந்து வேலை செய்து கொண்டிருந்த வேளையில், மாரிஸ் பிரீட்மன் என்ற நண்பரோடு சேர்ந்து சென்னையில் போலிஷ் - இந்திய நூல் நிலையம் என்ற பிரசுராலயத்தைத் தொடங்கினார். போலிஷ் கவிதைகளை ஆங்கிலத்தில் இந்தியருக்குக் கொடுத்தார். பகவத்கீதையைப் போலிஷ் பாஷையில் தம்மவருக்குக் கொடுத்தார். ருஷியாவிலிருந்து தப்பி வந்த ஆயிரக்கணக்கான போலிஷ் அகதிகள் ஜாம்நகரை அடுத்த பாலாசடியிலும், கோல்ஹாப்பூரை அடுத்த வலிவடேயிலும் புகலிடம் பெற்றிருந்த காலம் அது. எந்தச் சர்க்காரும் அம்மையாரை நியமிக்கவில்லை. 1971-ல் மைசூரில் காலமானார். மண்டபங்களும் சிலைகளும் செய்யாத காரியத்தை ஒரு சின்ன அச்சுக்கூடம் செய்ததென்பது நமது எண்ணம். தாம் கொடுக்க வந்த ஜனங்களிடமிருந்து பெற்றுக் கொள்ளவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

பழைய விவகாரத்துக்கு வருவோம். 2000-ல் போலந்து சர்க்கார், வெளிநாடுகளில் தன் கலையைப் பரப்புவதற்கென்றே மித்ஸ்கியேவிச்சின் பெயரால் ஒரு ஸ்தாபனத்தை ஏற்படுத்தியது. 2015-ல் பாவெல் பாவ்லிகோவ்ஸ்கியின் 'ஈதா' அமெரிக்க ஆஸ்கார் பரிசு பெற்றது. அந்நிய பாஷைப் படங்களுக்குரிய அந்தப் பரிசைப் போலந்து அதற்கு முன் பெற்றதில்லை. யுத்தத்தில் யூதக் குடும்பமொன்றை ஒரு போலிஷ் குடியானவன் கொன்ற செய்தி அந்தக் கதையில் இருக்கிறது. உடனே 1867-ம் வருஷத்துக் கூக்குரலே மீண்டும் கேட்டது. படத்தின் தொடக்கத்தில் விளக்கம் சேர்க்க வேண்டுமென்று ஆயிரக்கணக்கானோர் மனுக் கொடுத்தார்கள். 2016-ல் அரசாங்கத் தொலைக்காட்சி அதைக் காட்டியபோது, படத்துக்கு முன்னால் கண்டனப் பேச்சையும் சேர்த்தே காட்டியது.

அவர்களுடைய மனக்குறையில் நியாயம் உண்டு. கொலைக் கூடாரங்களை அமைத்தவர்கள் ஜெர்மானியர்கள்; அவற்றைப் 'போலிஷ் முகாம்கள்' என்று எழுதும் பத்திரிகைகள் அறியாமையால் அநீதி செய்கின்றன. யூதரைக் காப்பாற்றியதற்காக இஸ்ரேல் கௌரவித்தவர்களில் போலிஷ்காரர்களே 7,000-க்கு மேல். வேறெந்தத் தேசத்தாரும் அவ்வளவு பேர் இல்லை. ஆனால் 1941 ஜூலையில் யெத்வாப்னே என்ற ஊரில் யூதர்களை அவர்களுடைய போலிஷ் அயலாரே கொன்றதும் உண்மை. போலந்தின் அரசாங்க விசாரணையே குறைந்தது 340 பேர் மாண்டதாகக் கண்டது. 2018-ல் நாஜிக் குற்றங்களைப் போலிஷ் தேசத்தின்மேல் சுமத்துவோருக்கு மூன்று வருஷம் வரை சிறையென்று சட்டம் இயற்றினார்கள். உலகெங்கும் எதிர்ப்பு எழவே, அதே ஆண்டு ஜூனில் தண்டனைப் பிரிவை நீக்கினார்கள். அந்தச் சட்டத்திலும் கலைக்கும் ஆராய்ச்சிக்கும் விலக்குக் கொடுத்திருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நியாயஸ்தலத்தில் நாம் கண்ட அனுபவம் ஒன்றுண்டு. தன்னைப் பற்றி நல்லதே சொல்லும் சாட்சியைக் குறுக்கு விசாரணை இரண்டே கேள்வியில் சாய்த்துவிடும். தனக்குப் பாதகமானதையும் ஒப்புக்கொள்ளுகிறவனுடைய மற்ற வார்த்தைகளையும் நீதிபதி நம்புவார். 'ஈதா'வை அனுப்பக் கூசுகிறவர்கள், காப்பாற்றிய ஏழாயிரவரின் கதையையும் பலவீனப்படுத்துகிறார்கள்.

மாதெய்கோவின் படத்தை 1920-ல் போலந்து சர்க்கார் ஆஸ்திரியாவிடமிருந்து விலைக்கு வாங்கித் தாயகம் சேர்த்தது. இரண்டாம் யுத்தத்தில் ஜெர்மானியர் அதைத் தூக்கிச் சென்றார்கள்; யுத்தம் முடிந்தபின் மீட்டார்கள். 1944-ல் வெடி வைத்துத் தகர்த்த வார்ஸா அரண்மனையை 1971 முதல் மறுபடி கட்டியெழுப்பிய பின்னர், அதே அரண்மனையில் அதைத் தொங்கவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து அரண்மனையைக் காண வருவோர் இன்று அதன்முன் நின்று பார்க்கிறார்கள்.