முகப் படத்தின் மேல் வேலைப்பாட்டைக் கலத்தல்

ஒருவரின் முகப் படத்தின் மேல் பூவேலைப்பாடு, இலை நரம்பு, துணி நெசவு போன்ற ஒரு வடிவத்தைப் பரப்பி, அது தோலிலேயே வரையப்பட்டது போலத் தோன்றச் செய்வது படத்தொகுப்பில் பலரும் பழகும் ஓர் உத்தி ஆகும். அடோபி போட்டோஷாப்பிலும், இலவச மென்பொருளான கிம்ப்பிலும் இதைச் செய்யலாம். முகம் கீழ் லேயரிலும் வேலைப்பாடு மேல் லேயரிலும் இருக்கும். போட்டோஷாப்பில் லேயர் வசதி 1994-இல் வெளியான 3.0 பதிப்பில் வந்தது.

மேல் லேயரைப் பாதி ஒளிபுகுமாறு ஆக்கினால் போதும் எனப் புதிதாகப் பழகுவோர் நினைப்பதுண்டு. அப்படிச் செய்தால் கோடுகளுடன் வேலைப்பாட்டின் வெள்ளைப் பின்னணியும் சேர்ந்து, முகத்தின் மேல் வெளிறிய படலமாகப் படியும். கலப்பு முறைகள் தேவைப்படுவது இதனால்தான்.

கலப்பு முறையின் கணக்கு

8 பிட் படத்தில் பிக்சலின் ஒளி அளவு, கருப்புக்கு 0 முதல் வெள்ளைக்கு 255 வரையான ஓர் எண்ணாகக் குறிக்கப்படும். போட்டோஷாப்பின் மல்டிப்ளை முறை இரு லேயர்களின் எண்களையும் பெருக்கி 255-ஆல் வகுக்கிறது. வெள்ளையால் பெருக்கும்போது தோலின் எண் மாறுவதில்லை. ஆகவே பின்னணி தானாக மறைந்து, கோடுகள் மட்டும் நிற்கும். கன்னத்தின் நிழலும் கோடுகளுக்குள் தெரியும்.

ஆனால் வெளிறிய முகத்தை வைத்து எழுதிய பாடத்தை எல்லா முகங்களுக்கும் பின்பற்றினால் ஏமாற்றமே மிஞ்சும். கோட்டின் அளவு 100 என்று கொள்வோம். தோலின் அளவு 200 எனில் கோடு விழும் இடம் 78 ஆகும், வேறுபாடு 122. தோல் 80 எனில் விடை 31. வேறுபாடு வெறும் 49. கரிய முகத்தில் கோடு அமிழ்ந்துவிடுகிறது.

இதற்காக முகத்தை வெளுக்கச் செய்வது தவறு. அது படத்தில் இருப்பவரையே மாற்றிவிடும். மாற்ற வேண்டியது வேலைப்பாட்டைத்தான். அதை இன்வெர்ட் செய்தால் பின்னணி 0, கோடு 155 ஆகும். பிறகு கலப்பு முறையை ஸ்கிரீன் என மாற்றவேண்டும். இரண்டு புரொஜெக்டர்களின் ஒளியை ஒரே திரையில் பாய்ச்சுவது போன்றது இம்முறை. இதில் கருப்பு மறைந்துவிடும். 80 அளவுள்ள தோலில் கோடு 186 ஆகி, சந்தனத்தால் வரைந்தது போலத் துலங்கும். 200 அளவுள்ள தோலிலோ அதே கோடு 233 தான் ஆகும். அங்கே மல்டிப்ளையே பொருந்தும்.

முகத்தின் வளைவு

நிறம் பொருந்திய பிறகும் கோடுகள் மூக்கின் மேல் நேராக ஓடினால், ஒட்டிய தாள் போலவே இருக்கும். இதற்கு டிஸ்பிளேஸ் ஃபில்டர் உதவுகிறது. முகப் படத்தின் நகலை நிறம் நீக்கிச் சாம்பல் நிறமாக்கி, சற்று மங்கலாக்கி, பி.எஸ்.டி. கோப்பாகச் சேமிக்க வேண்டும். மங்கலாக்காவிட்டால் தோலின் நுண்துளைகள் ஒவ்வொன்றும் கோட்டைச் சிதறடிக்கும். பிறகு வேலைப்பாட்டு லேயரில் ஃபில்டரை இயக்கி, அந்தக் கோப்பைத் தேர்ந்தெடுக்கலாம். கோப்பில் 128 அளவுள்ள சாம்பல் இருக்கும் இடத்தில் வேலைப்பாடு நகராது. அதைவிடக் கருத்த இடங்களும் வெளுத்த இடங்களும் எதிரெதிர்த் திசைகளில் நகர்த்தும்.

மென்பொருளுக்கு மேடு பள்ளம் தெரியாது, ஒளி அளவு மட்டுமே தெரியும். புருவத்தையும் மச்சத்தையும் தாடியையும் அது பள்ளமாகவே எடுத்துக்கொள்கிறது. அவ்விடங்களில் கோடு விகாரமாக வளைந்தால், சேமித்த கோப்பில் அவற்றைச் சுற்றியுள்ள தோலின் சாம்பல் அளவுக்குப் பூசிவிட்டு மீண்டும் இயக்கலாம்.

கடைசி வேலை லேயர் மாஸ்க். மாஸ்க்கில் கருப்புத் தூரிகையால் தீட்டிய இடத்தில் வேலைப்பாடு மறையும், வெள்ளையால் தீட்டினால் திரும்ப வரும். அழிப்பானைப் போல எதுவும் இழப்பாகாது. தாடை ஓரத்துக்கு மென்மையான தூரிகை ஏற்றது. கருவிழி, விழிவெண்மை, மூக்குத் துளை, பற்கள் ஆகியவற்றிலிருந்து கோடுகளை முற்றிலும் நீக்க வேண்டும். கண்ணின் மேல் ஒரு கோடு மிஞ்சினாலும் பார்ப்பவர் முதலில் காண்பது அதைத்தான்.