குளத்து நீரும் மீனின் நலமும்

தாராவி முற்காலத்தில் கோலி மீனவர்களின் ஊர். கோலிவாடா என்னும் பெயர் இன்றும் அங்கு நிலைத்திருக்கிறது. கடல் மீனுக்குப் பெயர்பெற்ற மும்பையின் அங்காடிகளில் இப்போது ரோகு, கட்லா முதலிய வளர்ப்பு மீன்களும் விற்பனையாகின்றன. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ வாழ்ந்துகொண்டே, சொந்த ஊரில் பண்ணைக்குட்டை அமைத்து மீன் வளர்க்க எண்ணுவோர் உண்டு. குட்டை வெட்டும் செலவைக் கணக்கிடும் அவர்கள், மீன்நோயால் நேரக்கூடிய இழப்பையும் கணக்கில் கொள்ளுதல் நலம்.

நோய் பிறக்கும் விதம்

நன்னீர் மீன்களைத் தாக்கும் பாக்டீரியாக்களுள் முதன்மையானது ஏரோமோனாஸ். இது வெளியிலிருந்து திடீரென வருவதன்று. குளத்து நீரிலும் சேற்றிலும் எப்போதும் இருப்பது. மீன் வலிமையுடன் இருக்கும்வரை அதனால் பெருந்தீங்கு இல்லை. அளவுக்கு மீறிக் குஞ்சுகளை விடுவதாலும், உண்ணாத தீவனம் அழுகி அம்மோனியா பெருகுவதாலும், விடியற்காலையில் ஆக்சிஜன் குறைவதாலும் மீன் தளர்ந்துபோகிறது. அவ்வேளையில் நோய் பற்றுகிறது. உடலில் செந்திட்டுகள், சிலிர்த்து நிற்கும் செதில்கள், வீங்கிய வயிறு, அரித்த துடுப்பு ஆகியவை அதன் அறிகுறிகள்.

1988-இல் இந்தியாவில் தோன்றிய கொள்ளைப் புண்நோய்க்கு மூலகாரணம் பூஞ்சையை ஒத்த ஒருவகை நுண்ணுயிர். ஆயினும் அப்புண்களில் பாக்டீரியாக்கள் குடியேறியதால் கேடு மிகுந்தது. இந்நோய்க்காகப் புவனேசுவரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 'சிஃபாக்ஸ்' என்னும் மருந்தை உருவாக்கியது.

காக்கும் வழிகள்

மருந்தினும் முன்காப்பே சிக்கனமானது. குஞ்சு விடுமுன் குளத்தை உலர்த்திச் சுண்ணாம்பு இடுதல் வேண்டும். வாங்கிய குஞ்சுகளை உப்பு நீரில் சிறிது நேரம் அமிழ்த்தியபின் விடலாம். நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாதிருப்பது நன்று. ஒரு குளத்து வலையை மறு குளத்தில் இடுமுன் வெயிலில் உலர்த்த வேண்டும். இறந்த மீன்களை உடனே அகற்றிப் புதைக்க வேண்டும். கழிவுநீரும் பச்சைச் சாணமும் குளத்தில் சேர்ந்தால், மனிதருக்கு வயிற்றுநோய் தரும் கிருமிகளும் மீனோடு சமையலறைக்கு வந்துசேரும்.

நோய் கண்டதும் கிடைத்த நுண்ணுயிர்க்கொல்லியைத் தீவனத்தில் கலப்பது தவறு. கிருமிகள் அம்மருந்துக்கு அடங்காதவையாக மாறும். மருந்தின் எச்சமும் மீனில் தங்கும். குளோராம்பெனிக்கால், நைட்ரோஃபியூரான் போன்றவை மீன் வளர்ப்பில் தடைசெய்யப்பட்டவை. மீன்வளத்துறை அலுவலரை அணுகி, ஆய்வகச் சோதனைக்குப் பின்னரே மருந்திடுதல் முறை. மும்பை வெர்சோவாவில் 1961-இல் தொடங்கப்பெற்ற மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் மீன்நலத்தைத் தனித்துறையாகவே பயிற்றுவித்து ஆராய்கிறது.

கடனும் காப்பும்

2018-19 நிதிநிலை அறிக்கை கிசான் கடன் அட்டை வசதியை மீன் வளர்ப்போருக்கும் விரிவாக்கியது. குஞ்சு, தீவனம் முதலிய நடைமுறைச் செலவுகளுக்கு அது உதவும். ஆனால் சில நாள்களில் குளம் முழுதும் மடிந்தாலும் கடன் தவணை நிற்பதில்லை. ஆகவே, திட்ட மதிப்பீட்டிலேயே நீர்ச் சோதனைக்கும் காற்றூட்டும் கருவிக்கும் தொகை ஒதுக்குங்கள். தீவன அளவு, நீரின் நிலை, இறப்பு ஆகியவற்றை நாள்தோறும் ஏட்டில் குறித்து வாருங்கள். நோயைத் தொடக்கத்திலேயே காட்டிக்கொடுப்பதும், அடுத்த கடனுக்கு வங்கியில் உங்கள் சார்பாகப் பேசுவதும் அந்த ஏடே.