கடல்நீரும் குடிநீரும்

நிலவுலகின் பரப்பில் நூற்றுக்கு 71 பங்கு நீரே ஆகும். அங்ஙனமிருந்தும் மக்கள் குடிநீரின்றி வாடுவது ஏன்? உலகிலுள்ள நீரில் நூற்றுக்கு 97 பங்கிற்கு மேற்பட்டது கடலின் உவர்நீர். எஞ்சிய நன்னீரிலும் மூன்றில் இரண்டு பங்கு, துருவங்களிலும் உயர்ந்த மலைகளிலும் பனிக்கட்டியாய் உறைந்து கிடக்கிறது. பிறிதொரு பெரும்பகுதி நிலத்தின் அடியில் மறைந்துள்ளது. ஆறுகளிலும் ஏரிகளிலும் உள்ள நீரோ, நன்னீரில் நூற்றில் ஒரு பங்கினும் குறைவு.

இச்சிறு பங்கு தீர்ந்துபோகாமல் காப்பது நீரின் சுழற்சியே. கதிரவனின் வெப்பத்தால் கடல்நீர் ஆவியாகி எழுகிறது. உப்பு கடலிலேயே தங்கிவிடுகிறது. மேலே சென்ற நீராவி குளிர்ந்து, காற்றில் மிதக்கும் நுண்துகள்களைப் பற்றித் துளிகளாகி, முகிலாய்த் திரள்கிறது. துளிகள் ஒன்றுகூடி எடை மிகும்போது மழை பொழிகிறது. அம்மழையில் ஒரு பகுதி மீண்டும் ஆவியாகிறது. ஒரு பகுதி மண்ணுள் இறங்கி ஊற்றாகிறது. மற்றொரு பகுதி ஆறாக ஓடிக் கடலை அடைகிறது.

ஆயினும், இச்சுழற்சி எங்கும் ஒரே விரைவில் நிகழ்வதன்று. காற்றிலுள்ள நீராவி ஏறத்தாழப் பத்து நாள்களில் மழையாகத் திரும்பிவிடும். நிலத்தின் ஆழத்திற் சேர்ந்த நீரோ மீண்டும் வெளிப்பட நூற்றாண்டுகள் பல ஆதலும் உண்டு. ஆதலின், ஊறும் அளவினும் மிகுதியாக இறைத்தால் நிலத்தடி நீர் வற்றும்.

சென்னை நகரின் வரலாறு இதனை நன்கு விளக்கும். 2015ஆம் ஆண்டு திசம்பரில் அந்நகர் பெருவெள்ளத்தில் மூழ்கியது. நான்கு ஆண்டுகள் நிறையுமுன், 2019ஆம் ஆண்டுக் கோடையில், அந்நகருக்கு நீர் தரும் புழல், செம்பரம்பாக்கம் முதலிய ஏரிகள் வறண்டன. ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜோலார்பேட்டையிலிருந்து இரயில்வண்டியில் குடிநீர் கொண்டுவரப்பட்டது. கடலோ நகரின் அருகிலேயே அலைவீசிக்கொண்டிருந்தது!

முந்திய ஆண்டின் பருவமழை குறைந்தது உண்மையே. எனினும், குறை வானத்தின்மேல் மட்டும் இல்லை. நீர்நிலைகள் பல வீட்டுமனைகளாயின. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் சுருங்கியது. தங்க இடமில்லாத மழைநீர் மழைக்காலத்தில் வெள்ளமாயிற்று; மண்ணுள் இறங்காமையால் கோடையில் வறட்சி மிகுந்தது.

தமிழகத்து முன்னோர் ஊர்தோறும் ஏரி வெட்டியது, சில திங்களே பெய்யும் மழையை ஆண்டு முழுவதும் பயன்கொள்ளவே. 2003ஆம் ஆண்டில் வீடுதோறும் மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பு வேண்டுமெனத் தமிழக அரசு கட்டாயமாக்கியதும் அந்நோக்கம் பற்றியே. மழை பெய்விப்பது மாந்தர் கையில் இல்லை. பெய்த மழையைப் பேணுவது அவர்தம் கடமையாகும்.