துவைச்சல்: பட்டறைச் சொல்லும் உலோகவியலும்

வெப்பத்தாலும் விசையாலும் ஒருங்கே உலோகத்தின் இயல்பை மாற்றியமைக்கும் முறையை இக்கால நூல்கள் 'வெப்ப இயந்திரப் பதப்படுத்தம்' என்னும். பெயர் நீளமானது, மாணவர் நாவில் எளிதில் ஏறாதது. செயலோ பழையது. பாலிக் புலாவ் பழத்தோட்டங்களில் டுரியான் மரத்தடியைத் துப்புரவாக்கும் பாராங் கத்தி, கொல்லர் கையால் ஆனதாயின், இம்முறையிற் பிறந்ததே.

கொல்லர் இரும்பைச் சிவக்கக் காய்ச்சி அடிக்கிறார். வடிவம் தருவது மட்டுமன்று அவ்வடி. உள்ளிருக்கும் பெரும்படிகங்கள் நசுங்கி, அச்சூட்டிலேயே சிறுபடிகங்கள் புதிதாகத் தோன்றுகின்றன. படிகம் சிறுத்தால் உலோகம் வலுக்கும். அடுத்து, கத்தியின் வாயை மட்டும் நீரில் தோய்க்கிறார். திடீரெனக் குளிர்ந்த வாய் மிகக் கடினமாகிறது. ஆனால் கண்ணாடிபோல் உடையக்கூடியது. முதுகில் தங்கிய சூடு மெல்ல வாய்க்கு இறங்க, தேய்த்துப் பளபளப்பாக்கிய விளிம்பில் நிறங்கள் ஓடுகின்றன: 220 முதல் 240 பாகை செல்சியசு அளவில் வைக்கோல் மஞ்சள், பின் பழுப்பு, ஊதா, 300 பாகையளவில் நீலம். வேண்டிய நிறம் வந்ததும் முழுக்கத்தியையும் நீரில் இடுகிறார். வெப்பமானி இல்லாத பட்டறையில் நிறமே அளவுகோல். தமிழ்நாட்டில் வீடு கட்டுவோர் கேட்டு வாங்கும் டி.எம்.டி. கம்பியும் இவ்வாறே அமைகிறது. உருளைகளுக்கிடையே நீண்டு வரும் செங்கம்பியின் புறத்தை நீர்த்தாரை குளிர்விக்கிறது. அகத்தின் சூடு வெளிவந்து புறத்தைப் பதமாக்குகிறது.

இந்நீர்த்தோய்ப்புக்குத் தமிழ்க் கொல்லர் வழக்கு 'துவைச்சல்'. இன்று துவைத்தல் என்றால் துணியே நினைவுக்கு வரும். அவ்வினைக்கு இடித்தல், அடித்தல், தோய்த்தல் என்னும் பொருள்கள் உண்டு. அம்மியில் அரைபடும் துவையலும் அதன் உறவே. அடியும் தோய்ப்பும் ஒரே வினையில் அடங்குவது நமக்கு வியப்பளிக்கிறது. இதன் பொருட்டே கொல்லர் இச்சொல்லை ஆண்டார் எனத் துணிந்து கூறோம். எனினும் செயலுக்கு இத்துணைப் பொருந்திய பெயர் வேறில்லை.

சொல் பயணம் செய்து, செய்முறை பின்தங்கிய கதையும் உண்டு. கன்னடத்திலும் தெலுங்கிலும் எஃகு 'உக்கு' எனப்படும். ஐரோப்பியர் வழங்கிய 'ஊட்ஸ்' என்னும் பெயர் இதன் திரிபு என்பது பலர் கருத்து. நம் 'உருக்கு' என்பதை இதனோடு இணைப்பாரும் உளர். 1795இல் ஜார்ஜ் பியர்சன் இவ்வெஃகைப் பற்றி இலண்டன் அரச கழகத்தில் ஆய்வுரை அளித்தார். பின்னர் மைக்கேல் பாரடேயும் ஆராய்ந்தார். இதில் கரி ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. தம் இரும்புக்குப் பழகிய வெண்சூட்டில் இதைக் காய்ச்சிய ஐரோப்பியக் கொல்லரிடம் இது சம்மட்டியடியில் நொறுங்கிற்று. மிகுகரி எஃகைக் குறைந்த செஞ்சூட்டில், பொறுமையாகப் பலகால் அடித்தல் வேண்டும்.

நம் மாணவர் இடைநிலைப்பள்ளியில் அறிவியலை மலாயில் கற்கின்றனர். மலாய்க் கலைச்சொல்லாக்கம் விரைந்து குளிர்விப்பதை 'லிண்டாப் கெஜுட்' என்றும், காய்ச்சி மெல்ல ஆறவிடுவதை 'செப்பூ லிண்டாப்' என்றும் பிரித்துக்கொண்டது. பின்னதிலுள்ள 'செப்பூ' பழைய உலோகத் தொழிற்சொல். நாமோ இரண்டையும் 'குளிர்வித்தல்' என்று சொல்லிவிட்டால், ஒன்று எஃகைக் கடினமாக்கும், மற்றொன்று மென்மையாக்கும் என்பதை மாணவர் எங்ஙனம் அறிவர்? முன்னதற்குத் துவைச்சல், பின்னதற்குக் காய்ச்சியாற்றல் என வழங்கலாம். துவைத்தபின் இளஞ்சூட்டால் முறிதன்மை போக்குவதற்குப் 'பதப்படுத்தல்' என எழுதுவோர் உளர். தோலுக்கும் மீனுக்கும் அச்சொல் முன்னரே பயன்படுவதால், 'பதமேற்றல்' என்பதையே நாம் விரும்புகிறோம்.