கொழுஞ்சியின் குலமும் கிளையும்

தை மாதத்துச் சம்பா அறுவடை முடிந்து, வயல்களில் தாள் மட்டும் நின்று, வாய்க்கால்கள் வற்றி, மேட்டூர் அணை திறக்கும் ஜூன் மாதத்தை எதிர்நோக்கிக் காவிரியின் கடைமடை முழுவதும் காய்ந்து கிடக்கும் காலத்தில், காரைக்கால் பிரதேசத்தின் கீழ்ப்புறத்து மணற்பாங்கான கொல்லைகளிலும் சவுக்குத் தோப்புகளின் ஓரத்திலும் அரசலாற்றங்கரையிலும், ஆடுமாடுகள் மற்றெல்லாப் பசுமையையும் மேய்ந்து தீர்த்த பின்னரும், வாய்படாமல் தழைத்து நிற்கும் செடி ஒன்று உண்டு. முழங்கால் உயரத்துக்குக் கிளைத்து, சின்னஞ்சிறு செவ்வூதாப் பூக்களைத் தாங்கி நிற்கும் அந்தச் செடியே கொழுஞ்சி.

பயிர்த்தொழில் செய்வோர்க்கு இது புதியதன்று. தக்கைப்பூண்டு, சணப்பு முதலியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் பசுந்தாள் உரம் இது. அவற்றைப் போல விரைந்து வளராது. வேரில் நீர் தேங்கினால் நலிந்துவிடும். ஆயினும் ஒருமுறை விதைத்த நிலத்தில், அதன் விதைத்தோல் நீரை எளிதில் உள்ளே விடாத அத்தனை கடினமானதாகையால், உதிர்ந்த விதைகளுள் சில இவ்வாண்டும் சில மறு ஆண்டுமாக முளைத்து, யாரும் கேளாமலே வந்துகொண்டிருக்கும். ஒரே சமயத்தில் முளைக்க வேண்டுமென்று விரும்புவோர் விதையை மணலோடு கலந்து உரலில் இலேசாக இடித்தோ, வெந்நீரில் சற்றே முக்கி எடுத்தோ விதைப்பார்கள். அவரைக் குலத்துக்குரிய விசேஷமாகிய வேர்முடிச்சுகள் இதற்கும் உண்டு. அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பற்றித் தருவதனால், செடியை மடக்கி உழுத நிலம் உரம் பெறுகிறது. சித்த வைத்தியர்கள் கொள்ளுக்காய் வேளை என்று வழங்குவதும் இதனையே.

இச்செடியை நிச்சயமாக அறிந்துகொள்ள ஓர் எளிய சோதனை உண்டு. ஓர் ஈர்க்கில் வரிசையாய் அமைந்த சிற்றிலைகளுள் ஒன்றைக் கிள்ளி, அதன் நுனியை ஒரு கையாலும் அடியை மற்றொரு கையாலும் பற்றி மெல்ல இழுத்தால், அது குறுக்கே நேராகக் கிழிவதில்லை; ஒரு துண்டு கூராகவும் மற்றொன்று கவையாகவும் பிரிந்து வரும். பக்க நரம்புகள் மிக நெருக்கமாகவும் ஒன்றுக்கொன்று இணையாகவும் நடுநரம்பிலிருந்து விளிம்பை நோக்கிச் சாய்ந்து ஓடுகின்றமையால், கிழிசலும் அந்தச் சாய்வின் வழியே செல்கிறது. அம்பின் இறகடியைப் போன்றது என்ற பொருளில் வடமொழி வைத்திய நூல்கள் சரபுங்கா எனப் பெயரிட்டதும் இதனைக் கருதியே என்பர்.

பார்வைக்கு இதனோடு மயங்கக் கூடியது அவுரி. நீலச் சாயத்தின் பொருட்டு ஒரு காலத்தில் பெருமதிப்புப் பெற்ற அந்தச் செடியைப் பற்றி, செனகலிலும் பின்னர்ப் புதுச்சேரியிலும் பணியாற்றிய பிரெஞ்சுத் தாவர நூலார் பெரோத்தே 1842இல் தனி நூலே எழுதினார். அவுரியின் பூங்கதிர் இலைக்கக்கத்திலிருந்து எழும். கொழுஞ்சியினதோ கிளை நுனியிலும், இலைக்கு நேர் எதிர்ப்புறத்திலும் தோன்றும். அவுரியின் காய் உருண்டு கீழ்நோக்கிக் கொத்தாய்த் தொங்கும். கொழுஞ்சிக் காய் தட்டையாய், இரண்டு விரற்கடை நீளத்தில், நுனி சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். இவ்விரண்டையும் கண்டவர் பிறகு ஏமாற மாட்டார்.

உண்மையான சங்கடம் கொழுஞ்சிக்கும் கொழுஞ்சிக்கும் இடையேதான் தொடங்குகிறது. நிமிர்ந்து வளரும் சாதாரணக் கொழுஞ்சிக்கு அருகிலேயே, தரையோடு தரையாகப் படர்ந்து, பூ சற்றுப் பெரிதாகவும் காய் நீண்டு ஏறக்குறைய நேராகவும் உள்ள ஒன்றைக் காணலாம். இன்னொன்று, படரும் இயல்பினதே எனினும் மெல்லிய தண்டெங்கும் ரோமம் பரந்து, இரண்டொரு சிறு பூக்களே பூப்பது. அப்பூக்கள் பெரும்பாலும் வெண்மை கலந்தவை. மூன்றாவது, இலையின் அடிப்புறம் வெள்ளி பூசினாற்போல மின்ன, காய் முழுவதும் அடர்ந்த ரோமத்தோடு அரிவாள் போல் வளைந்திருப்பது. இவற்றைத் தனித்தனி ஜாதி என்பதா, ஒரே ஜாதியின் இயற்கை வேறுபாடுகள் என்பதா என்ற கேள்வி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தாவர சாஸ்திரிகளை அலைக்கழித்திருக்கிறது.

டச்சுக் கம்பெனியின் வைத்தியராக 1670களில் இலங்கையிலிருந்த பால் ஹெர்மன் சேர்த்த உலர்செடிகளை ஆராய்ந்து 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி நூலெழுதிய லின்னேயஸ், 1753இல் கொழுஞ்சி வகைகளைக் கிராக்கா என்ற பேரினத்தில் வைத்து, ஊதா, பெரியது, ரோமமுடையது எனப் பிரித்துப் பெயரிட்டார். பெர்சூன் 1807இல் அவற்றை டெஃப்ரோசியா என்ற பேரினத்துக்கு மாற்றினார். 1876இல் ஹூக்கரின் பிரிட்டிஷ் இந்தியத் தாவர நூலில் இப்பகுதியை எழுதிய பேக்கர், படர்வன இரண்டையும் சாதாரணக் கொழுஞ்சியின் வேறுபாடுகளாகவே அடக்கிவிட்டார். ரோமக் கொழுஞ்சி மட்டும் தனித்து நின்றது. பின்வந்தோருள் பலர் மீண்டும் பிரித்தனர். என் எண்ணத்தில், கடலோர மணலில் இவற்றை அருகருகே பார்ப்பவர்க்குப் பிரித்தவர் பக்கமே நியாயம் அதிகமாகத் தோன்றும். ஒரே மண்ணும் ஒரே மழையும் பெற்றும் ஒன்று நிமிர்ந்தும் மற்றொன்று படர்ந்தும் இருப்பதற்கு நிலத்தைக் காரணம் காட்ட முடியாதல்லவா?

லின்னேயஸின் மாணவரான கோனிக் 1768இல் வந்திறங்கியது, காரைக்காலுக்கு வடக்கே அடுத்துள்ள தரங்கம்பாடியில்தான். அவருக்குப் பின் அங்கு வந்த ராட்லர் பாதிரியார், செடிகளைத் தொகுத்ததோடு தமிழ் அகராதியையும் தொகுத்தவர். டேனியர் ஊரில் இத்தனை தாவர ஆராய்ச்சி நிகழ்ந்திருக்க, 1739 முதல், இடையே ஆங்கிலேயர் கைப்பற்றிய ஆண்டுகள் நீங்கலாக, 1954 வரை பிரெஞ்சுக்காரர் வசமிருந்த காரைக்கால் அவ்வகையில் பேர் பெறாமற்போனது சற்று வருத்தந்தான். ஆனால் நண்டலாற்றின் இக்கரைக் கொழுஞ்சியும் அக்கரைக் கொழுஞ்சியும் வேறல்ல.

எஞ்சியிருப்பது வெள்ளைக் கொழுஞ்சி என்னும் புதிர். வைத்தியம் அறிந்தோர் இதற்குத் தனி மதிப்புத் தருவர். ஆனால் அந்த வெண்மை பூவின் வர்ணமா, இலையின் ரோமத்தால் வந்ததா என்பதில் ஒருமித்த கருத்தில்லை. ரோமக் கொழுஞ்சியையே வெள்ளை என்று கொள்வாரும் உண்டு. நிறத்தை மட்டும் நம்பினால், ஊதாக் கொழுஞ்சியில் எப்போதோ ஒன்றாக வெள்ளை பூக்கும் செடியையும், இயல்பாகவே வெளிறிய பூவுடைய சிறு கொழுஞ்சியையும் ஒன்றெனக் கொள்ள நேரும். மேலும் உலர்த்திய செடியில் பூவின் நிறம் மங்கிப்போவதால், உலர்செடிகளைக் கொண்டே ஆராய்ந்த பண்டிதர்கள் காயையும் ரோமத்தையும் ஆதாரமாகக் கொண்டதில் வியப்பில்லை. ஆகவே வெள்ளைப் பூவைக் கண்டவுடன் பெயர் சூட்டாமல், காய் முற்றும்வரை பொறுத்திருந்து, பூவும் காயும் சேர்ந்த கிளையொன்றைப் பத்திரிகைத் தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்துவதும், நிமிர்ந்ததா படர்ந்ததா என்பதையும் பூவின் நிறத்தையும் பறித்த அன்றே சீட்டில் எழுதி அதனோடு சேர்த்து வைப்பதும் நல்லது. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரத் தொகுப்பு போன்ற இடத்துக்கு எடுத்துச் சென்றால், முதலில் உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு அடியில் வைக்கப்படுவது அந்தக் காயாகத்தான் இருக்கும்.