பாறையும் கூலியாளும்

மதுரையிலிருந்து மேலூர் மார்க்கமாகச் செல்லும் யாத்திரிகன், யானைமலையின் நீண்ட முதுகைக் கடந்து கீழவளவுப் பக்கம் திரும்புவானாயின், வயல்களுக்கும் கண்மாய்களுக்கும் நடுவே செங்குத்தாக அறுக்கப்பட்ட பாறைச் சுவர்களையும், அவற்றினடியில் பச்சை பூத்துத் தேங்கிய நீரையும், எண் எழுதப்பட்டும் எடுத்துச் செல்வாரின்றிக் கிடக்கும் கிரானைட் கற்களையும் காண்பான். கற்களை வெட்டியெடுத்ததில் சர்க்காருக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் என்று 2012இல் அன்றைய கலெக்டர் சகாயம் எழுதியதும், அதன் பின் குவாரிகள் அடைபட்டதும் ஊரறிந்த சங்கதி. பாறை போன கணக்கு அவ்வாறு ஒருவழியாக ஏட்டில் ஏறிற்று. அப்பாறையை நம்பி ஜீவித்தவர்களின் கணக்கை அத்தனை சிரத்தையோடு எழுதியவர் உண்டா என்பதே என் ஐயம்.

முன்னாளில் கல்லுடைப்பு என்பது கண்ணும் கையும் ஒருங்கே வேண்டும் வித்தையாக இருந்தது. பாறையின் ஓட்டம் பார்த்து, உளியால் வரிசையாகக் குழி போட்டு, இரும்பு ஆப்புச் செருகிச் சம்மட்டியால் மாறி மாறி அடித்து, அது தானாக வாய்விடும் வரை பொறுத்திருப்பார்கள். (தெருவில் 'அம்மி கொத்தலையோ' என்று கூவிப் போனவர் அவ்வித்தையின் ஏழை உறவினர், மிக்ஸி வந்து அவரையும் அனுப்பிவிட்டது.) பிறகு கம்ப்ரசர் வந்தது, அதன் பின் வைரத்துகள் பதித்த கம்பி வந்து, நீர் சொட்டச் சொட்டப் பாறையை வெண்ணெய்போல் அறுத்தது, தூக்குவதற்குக் கிரேனும் பொக்லைனும் நின்றன. குவாரிகளுக்குச் சீல் விழுவதற்கு வெகு முன்பே சம்மட்டிக்கு வேலை போய்விட்டது.

இது மேலூருக்கு மட்டும் நேர்ந்த விதியன்று. 1920ஆம் ஆண்டையொட்டிப் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் சுமார் 12 லட்சம் பேர் உழைத்தனர். கடைசி ஆழச்சுரங்கமான கெல்லிங்லி 2015 டிசம்பரில் மூடப்பட்டது. அங்கே தொழிலே க்ஷீணித்தது என்று சமாதானம் கூறலாம். ஆனால் 1975இல் ஏறத்தாழ 8 கோடி டன் வெட்டிய நம் கோல் இந்தியா, 2023-24இல் 77 கோடி டன்னைத் தாண்டியிருக்க, ஒரு காலத்தில் 6 லட்சத்துக்கு மேலிருந்த அதன் ஊழியர் தொகை இன்று இரண்டேகால் லட்சத்தையொட்டி நிற்பதற்கு என்ன சமாதானம்? ஒப்பந்தக் கூலிகள் அத்தொகையில் சேரார் என்பதைப் பாதி விடையாகக் கொள்ளலாம், மறுபாதி யந்திரம். ஆஸ்திரேலியாவின் பில்பாராவிலோ, இரும்புத்தாது சுமக்கும் ராட்சத லாரிகள் சாரதியின்றி ஓட, ஆயிரம் கிலோமீட்டருக்கப்பால் பெர்த் நகரில் அமர்ந்து அவற்றைக் கண்காணிக்கிறார்கள்.

ஏட்டில் குறையும் ஆட்கள் ஏட்டுக்கு வெளியே பெருகுகிறார்கள். உலகெங்கும் கைக்கருவிகொண்டு தோண்டிப் பிழைப்போர் சுமார் நாலரைக் கோடி என்பது உலக வங்கியின் மதிப்பீடு. கணக்கில் வராதவருக்கு விபத்து நேர்ந்தால் அதுவும் கணக்கில் வராது. விலக்காக ஒன்று நினைவுக்கு வருகிறது: அண்டையிலுள்ள புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில், அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கத்தை ஒட்டி, கல்லுடைக்கும் பெண்களுக்கே குவாரிகள் குத்தகைக்கு விடப்பட்டன, சம்மட்டி பிடித்த கையே ரசீதிலும் கையெழுத்திட்டது.

சுரங்கம் வந்தால் வேலை வரும் என்ற பேச்சை இத்தனையும் கண்ட சீமையில் எளிதில் விற்க முடியாது. 2024 நவம்பரில் அரிட்டாபட்டியை ஒட்டிய நாயக்கர்பட்டிப் பிரதேசத்தில் டங்ஸ்டன் எடுக்க ஏலம் முடிந்ததும், மேலூர் வட்டாரத்து விவசாயிகள் 2025 ஜனவரியில் மதுரை நகர் வரை திரளாக நடந்து வந்தனர். அம்மாதமே ஏலம் ரத்தாயிற்று.